காரில் குழந்தை இருக்கையை எங்கே பொருத்துவது? நடு, இடம், வலம், முன்: ஓர் ஒப்பீடு

வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வரும் குடும்பங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தின் கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் அதிகம். ஐக்கிய அரபு அமீரகத்தில் நான்கு வயது வரையிலான பிள்ளைகளைக் காரில் குழந்தை இருக்கையில்தான் உட்கார வைக்க வேண்டும் என்று 2017 முதல் சட்டம் இருப்பதால், அவர்கள் கொண்டுவரும் சாமான்களில் அந்த இருக்கையும் ஒன்றாகிவிட்டது. உள்ளூரிலேயே வாங்குபவர்களும் இப்போது கூடியிருக்கிறார்கள். இருக்கை கைக்கு வந்ததும் எல்லோருக்கும் எழும் கேள்வி ஒன்றுதான்: பின் சீட்டின் நடுவில் வைப்பதா, இடப்பக்கமா, வலப்பக்கமா, அல்லது அம்மாவின் கண் எதிரில் முன் சீட்டிலேயே வைத்துவிடலாமா? வாசகர்கள் பலர் இதையே கேட்டிருக்கிறார்கள். பதினான்கு வயது நிறையாத பிள்ளையை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 194பி பிரிவு சொல்கிறது. காருக்குள் எந்த இடம் என்பதை அது சொல்லவில்லை. அதைக் குடும்பமே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் இறுக்கம். மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், உள்ளே கட்டப்படாத உடல் சந்திக்கும் வேகம் ஏறத்தாழ பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நம் ஊர்ப் பனையின் பாதி உயரத்திலிருந்து, விழுவதற்குச் சமம். அந்த விசையைக் குழந்தை இருக்கை தாங்க வேண்டுமானால் அது காரோடு ஒன்றாகப் பிணைந்திருக்க வேண்டும். ஆகவே ஓர் இடம் எவ்வளவு பாதுகாப்பானது என்று கேட்பதற்கு முன்னால், அந்த இடத்தில் உங்கள் இருக்கை அசையாமல் நிற்கிறதா என்று கேட்க வேண்டும். நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக இதையே வைக்கிறேன்.

இரண்டாவது, மோதல் நிகழும் பக்கத்திலிருந்து உள்ள தூரம். மூன்றாவது, எதிரே ஏர்பேக் இருக்கிறதா என்பது. நான்காவது, பிள்ளையை எந்தப் பக்கமாக ஏற்றி இறக்குகிறோம் என்பது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியை ஓரம் கட்டி இறங்கும்போது இது சிறிய விஷயம் இல்லை. ஐந்தாவது, காரில் உடன் வருபவர்கள் எத்தனை பேர், அவர்கள் எங்கே உட்காருவார்கள் என்பது. ஐந்தையும் ஒரே இடம் நிறைவு செய்வது அரிது.

## பின் சீட்டின் நடு

பக்கவாட்டு மோதலில் எந்தக் கதவு உள்வாங்கினாலும் குழந்தையிடம் வந்து சேர அதற்குத் தூரம் வேண்டும். அந்தத் தூரத்தை இரு பக்கமும் தருவது நடு இடம் மட்டுமே. அமெரிக்காவில் 1998 முதல் 2006 வரையிலான விபத்துகளை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று வயது வரையிலான பிள்ளைகள் பின் சீட்டின் ஓரங்களில் இருந்ததைவிட நடுவில் இருந்தபோது காயமடையும் வாய்ப்பு 43 சதவீதம் குறைவாக இருந்தது. "நடுதான் சிறந்தது" என்று பரவலாகச் சொல்லப்படும் அறிவுரைக்குப் பின்னால் இந்த எண் இருக்கிறது.

ஆனால் அந்த ஆய்வு அமெரிக்கக் கார்களைப் பற்றியது. நம் ஊரில் ஓடும் சிறிய கார்களின் பின் சீட்டு நடுவைக் கையால் தடவிப் பார்த்தால் வேறுபாடு தெரியும். பல கார்களில் நடுப்பகுதி மேடாகவும் கடினமாகவும் இருக்கிறது; அதன் மேல் வைத்த குழந்தை இருக்கை இரு பக்கமும் ஆடுகிறது. சற்றுப் பழைய கார்களில் நடுவில் தோளைத் தாண்டி வரும் மூன்று புள்ளி பெல்ட் கிடையாது, இடுப்புப் பட்டை மட்டுமே உண்டு. பெரும்பாலான குழந்தை இருக்கைகளை அந்த இடுப்புப் பட்டையில் பொருத்தக் கூடாது. சற்றே வளர்ந்த பிள்ளைகளுக்கான பூஸ்டர் இருக்கையை அதில் ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. பெல்ட் இல்லாமலே குழந்தை இருக்கையைக் காரோடு மாட்டுவதற்கான ஐசோஃபிக்ஸ் கொக்கிகளும் நடுவில் அநேகமாக இருப்பதில்லை. கார் சீட்டும் அதன் முதுகுச் சாய்வும் சேரும் இடுக்கில் விரலை நுழைத்தால் தட்டுப்படும் இரண்டு இரும்புக் கம்பிகள்தான் அவை. 28 சென்டிமீட்டர் இடைவெளியில் ஓரச் சீட்டுகள் இரண்டிலும் தனித்தனியாக இருக்கும். இடப்பக்கச் சீட்டின் உள் கம்பியிலும் வலப்பக்கச் சீட்டின் உள் கம்பியிலும் மாட்டி நடுவில் வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் முயல்கிறார்கள். அந்த இடைவெளி கூடுதலானது, கம்பிகளும் அதற்காக அமைக்கப்பட்டவை அல்ல. அதைச் செய்ய வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு வேறொன்றும் உண்டு. நடுவில் இருக்கை வந்துவிட்டால் இரு ஓரங்களிலும் ஒவ்வொருவர் கதவோடு ஒட்டி உட்கார வேண்டும். குழந்தை இருக்கையின் அகலம் அவர்களுடைய பெல்ட்டை மாட்டும் பக்கிளை மறைத்துவிட, பலர் பெல்ட்டே போடாமல் பயணம் செய்கிறார்கள். மோதலின்போது பெல்ட் போடாத பெரியவரின் உடல் பக்கத்திலிருக்கும் குழந்தையின் மேல்தான் போய் விழும்.

நடுவைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள் யார்? காரில் நடுவுக்கும் மூன்று புள்ளி பெல்ட் இருந்து, சீட்டு தட்டையாகவும் இருந்து, பெல்ட்டிலேயே பொருத்தும் வகை இருக்கையை வைத்திருப்பவர்கள். ஒரே குழந்தையோடு ஒன்றிரண்டு பெரியவர்கள் மட்டும் பயணம் செய்பவர்கள். அவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

## பின் சீட்டின் இடப்பக்கம்

நாம் சாலையின் இடப்புறம் ஓட்டுகிறோம். எனவே இடப்பக்கக் கதவு சாலை ஓரத்தை நோக்கித் திறக்கிறது. பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் ரயில் பாலத்தைப் பார்க்க வண்டியை நிறுத்துபவர்களைக் கவனியுங்கள்: 1988-இல் திறக்கப்பட்ட இருவழிப் பாலம் அது, பேருந்துகளும் மீன் வண்டிகளும் உரசுவதுபோல் கடந்து போகின்றன. வலப்பக்கக் கதவைத் திறந்து, போக்குவரத்துக்கு முதுகைக் காட்டியபடி குனிந்து, பிள்ளையை இருக்கையோடு கட்டியிருக்கும் ஐந்து புள்ளி வார்ப்பட்டையை ஒவ்வொன்றாகக் கழற்றும் தாய் அந்தச் சில நிமிடங்களுக்குச் சாலையில்தான் நிற்கிறாள். இடப்பக்கம் வைத்திருந்தால் அவள் நடைபாதையை ஒட்டி நிற்பாள். தேவிபட்டினத்திலும் ஏர்வாடியிலும் வண்டி நெரிசலில் இறங்கும்போதும் இதே கணக்குதான்.

இறுக்கத்திலும் இந்த இடம் நல்ல மதிப்பெண் பெறுகிறது. மூன்று புள்ளி பெல்ட் உண்டு. அண்மைக்காலக் கார்களில் ஐசோஃபிக்ஸ் கம்பிகளும் உண்டு. குழந்தையின் முகம் காரின் பின்பக்கம் பார்க்கும்படி பின்னோக்கி வைக்கும் இருக்கை நீளமானது என்பதால் அதற்கு முன்னால் இடம் வேண்டும். முன்பக்கப் பயணியின் சீட்டைத் தேவையான அளவு முன்னால் தள்ளிக்கொள்ள முடியும், ஓட்டுநரின் சீட்டை அப்படித் தள்ள முடியாது. ஓட்டுகிறவர் தனியாகக் குழந்தையோடு போக நேர்ந்தால், குறுக்காக இடப்பக்கம் இருப்பது பின்பார்வைக் கண்ணாடியில் ஓரளவு தெரியும். நேர் பின்னால் இருப்பது தெரியாது.

குறை இல்லாத இடமா என்றால் இல்லை. கதவுக்கும் குழந்தைக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளிகூட இருப்பதில்லை. வலப்பக்கம் திரும்பும்போது எதிரே வரும் வண்டி வந்து மோதுவது காரின் இடப்பக்கத்தில்தான். சாயல்குடியிலிருந்து ராமநாதபுரம் நோக்கி வருபவர்கள் கடலோர ஊர்களுக்குப் பிரிய வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் வலப்பக்கம்தான் திரும்புகிறார்கள். இடப்பக்கம் பிள்ளையை வைத்திருப்பவர் அந்தத் திருப்பங்களில் முழுதாக நின்று, எதிர்ச்சாலை காலியான பின்பே திரும்ப வேண்டும். பக்கவாட்டு மோதலுக்கான தடுப்புச் சுவர் உள்ள குழந்தை இருக்கையை வாங்குவதும் இந்தக் குறையை ஓரளவு ஈடு செய்யும்.

இருந்தும், இந்த மாவட்டத்தில் ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு என் தேர்வு இதுவே. நடுவில் ஆடிக்கொண்டிருக்கும் இருக்கையைவிட இடப்பக்கம் அசையாமல் நிற்கும் இருக்கை பாதுகாப்பானது.

## பின் சீட்டின் வலப்பக்கம்

ஆபத்து வந்தால் ஓட்டுநர் இயல்பாகவே தன் பக்கத்தைக் காப்பாற்றிக்கொள்வார், ஆகவே அவருக்குப் பின்னால் இருப்பதே பாதுகாப்பு என்று நம்புபவர்கள் பலர். இதை நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. நம் சாலைகளில் முந்திச் செல்லும் வண்டிகள் எதிரே வந்து மோதும்போது முதலில் நொறுங்குவது பெரும்பாலும் ஓட்டுநர் பக்கம்தான். கதவும் போக்குவரத்தை நோக்கியே திறக்கிறது.

ஆயினும் சில வேளைகளில் இதுவே பொருத்தம். வீட்டு வாசலில் இடப்பக்கம் சுவரோடு ஒட்டி நிறுத்தியே ஆகவேண்டிய கீழக்கரையின் குறுகிய தெருக்களில் இடப்பக்கக் கதவைத் திறக்கவே முடியாது. இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஒருவர் இடம், ஒருவர் வலம் என்றுதான் அமையும்; அப்போது கட்டிக் கழற்ற அதிக நேரம் பிடிக்கும் சின்னப் பிள்ளையை இடப்பக்கமும், தானே ஏறி இறங்கும் வயதுள்ள பிள்ளையை வலப்பக்கமும் வையுங்கள். பெரிய பிள்ளையையும் இடப்பக்கக் கதவு வழியாகவே இறக்கும் பழக்கத்தை ஏற்படுத்துவது நல்லது. வலப்பக்கக் கதவின் குழந்தைப் பூட்டைப் போட்டுவிட்டால் அது தானாகவே நடக்கும்.

வளைகுடாவிலிருந்து வருபவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே வண்டிகள் சாலையின் வலப்புறம் ஓடுவதால் சாலை ஓரம் வலப்பக்கம். கை பழகிய பழக்கத்தில் இங்கும் வலப்பக்கமே பொருத்திவிடுகிறார்கள். "முன் பயணிக்குப் பின்னால்" என்று நினைவில் வைத்துக்கொண்டால் இரு நாட்டிலும் அது சாலை ஓரப் பக்கமாகவே அமையும்.

## முன் சீட்

பின்னோக்கிய இருக்கையை, இயங்கும் ஏர்பேக் உள்ள முன் சீட்டில் எந்தக் காரணத்துக்காகவும் வைக்கக் கூடாது. ஏர்பேக் கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக, மிகப் பெரும் வேகத்தில் விரிகிறது. பின்னோக்கிய இருக்கையில் குழந்தையின் தலை ஏர்பேக் உள்ள டாஷ்போர்டுக்கு ஒட்டியே இருக்கிறது. முன் பயணியின் தலைக்கு மேலுள்ள வெயில் மறைப்பை இறக்கிப் பாருங்கள்: குழந்தை இருக்கையின் மேல் குறுக்குக் கோடு போட்ட எச்சரிக்கைப் படம் அங்கே ஒட்டப்பட்டிருக்கும். முன் பயணிக்கும் ஏர்பேக் வேண்டும் என்ற விதி 2021-இல் வந்துவிட்டதால், புதிய கார்களில் இந்த ஆபத்து எல்லோருக்கும் பொது. ஏர்பேக்கை அணைக்கும் சாவி சில கார்களில் உண்டு, பலவற்றில் இல்லை.

பின் சீட்டே இல்லாத வண்டிகள் இந்தக் கரையில் உண்டு. மீன் ஏற்றும் குட்டியானையில் குடும்பத்தோடு போகிறவர்களைத் தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் நாள்தோறும் பார்க்கலாம். வேறு வழியே இல்லாதபோது, முன்னோக்கிய இருக்கையில் உட்காரும் வளர்ச்சி பெற்ற பிள்ளையை மட்டும், சீட்டு நகருமானால் அதைக் கடைசி வரை பின்னால் தள்ளி, மூன்று புள்ளி பெல்ட்டில் கட்டி உட்கார வைக்கலாம். கைக்குழந்தைக்குப் பேருந்தோ பின் சீட்டுள்ள காரோதான் சரி.

தாயின் மடியை இங்கே ஓர் இடமாகக் கணக்கில் எடுக்கவே எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பெரும்பாலான குழந்தைகள் இன்னமும் அங்கேதான் பயணம் செய்கின்றன. பத்துக் கிலோ குழந்தை மோதலின் கணத்தில் அதைப் போலப் பல மடங்கு கனம் கொண்டு கையிலிருந்து பறிபடும். எவ்வளவு அன்போடு பிடித்தாலும் எந்தக் கையாலும் தாங்க முடியாத கனம் அது. முன் சீட்டு மடியென்றால் குழந்தை தாய்க்கும் டாஷ்போர்டுக்கும் நடுவில் சிக்கி, தாயின் எடையும் சேர்ந்து அழுத்தும். ஒரே பெல்ட்டைத் தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்துப் போடுவதும் அதே தீங்கைத்தான் செய்யும்.

## மூன்று வரிசை வண்டிகள்

ராமேஸ்வரம் வாடகை வண்டிகளில் ஏழு பேர் உட்காரும் வகையே மிகுதி. இவற்றில் நடு வரிசையின் இடப்பக்கம்தான் முதல் தேர்வு. மூன்றாம் வரிசை பின்கதவுக்கு மிக அருகில் இருப்பதால் பின்னால் வரும் லாரி இடித்தால் நசுங்கும் இடம் அதுவே. அவசரத்தில் பிள்ளையை வெளியே எடுக்க நடு வரிசையை மடக்க வேண்டியும் இருக்கும். பழைய ஜீப் வகை வண்டிகளில் பின்னால் எதிரெதிராகப் பக்கவாட்டில் உட்காரும் பெஞ்சுகளில் குழந்தை இருக்கையைப் பொருத்தவே கூடாது.

## ஒரே பார்வையில்

| இடம் | இறுக்கமாகப் பொருத்த முடியுமா | பக்க மோதலில் | இறங்கும் பக்கம் | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| பின் நடு | மூன்று புள்ளி பெல்ட்டும் தட்டையான சீட்டும் இருந்தால் மட்டும் | மிக நல்லது | இருபுறமும், ஆனால் எட்டித் தூக்க வேண்டும் | ஒரே குழந்தை, உடன் ஒருவர் அல்லது இருவர் |
| பின் இடம் | எளிது | சுமார்; வலத் திருப்பத்தில் கவனம் | சாலை ஓரம் | பெரும்பாலான குடும்பங்கள் |
| பின் வலம் | எளிது. பின்னோக்கிய இருக்கைக்கு இடம் குறைவு | சுமார் | போக்குவரத்துப் பக்கம் | இரண்டாவது பிள்ளை, குறுகிய தெரு |
| முன் | பெல்ட் உண்டு, ஏர்பேக் ஆபத்து | சுமார் | சாலை ஓரம் | பின் சீட்டே இல்லாத வண்டி, வளர்ந்த பிள்ளை |
| மூன்றாம் வரிசை | வண்டியைப் பொறுத்தது | பின் மோதலில் மோசம் | கடினம் | நடு வரிசை நிரம்பிய பின் பூஸ்டர் வயதுப் பிள்ளை |

## முடிவெடுக்கும் முன் செய்து பார்க்க வேண்டியவை

காரோடு வந்த கையேட்டை எடுங்கள். எந்தச் சீட்டில் எந்த வகைக் குழந்தை இருக்கை பொருந்தும் என்ற அட்டவணை அதில் இருக்கும். எக்ஸ் என்ற எழுத்து போட்ட இடம் பொருந்தாத இடம். யு என்று போட்டது பெல்ட்டில் கட்டும் பொதுவகை இருக்கைக்கு ஏற்ற இடம். நடுவா ஓரமா என்ற விவாதத்தைப் பல வீடுகளில் இந்த ஒரு பக்கமே தீர்த்துவிடும்.

பிறகு கையால் சோதியுங்கள். குழந்தை இருக்கையை வைத்து, பெல்ட்டை அதற்குரிய வழியில் செலுத்தி மாட்டிய பின், ஒரு முழங்காலை அதில் ஊன்றி உடல் எடை முழுவதையும் அழுத்துங்கள். சீட்டின் பஞ்சு அமுங்கி பெல்ட் தளரும். தளர்ந்ததை மறு கையால் இழுத்துக்கொண்டே வாருங்கள், இனி இழுக்க முடியாது என்ற வரை. இப்போது பெல்ட் செல்லும் இடத்துக்கு அருகில் இருக்கையைப் பிடித்துப் பக்கவாட்டிலும் முன்பின்னும் அசைத்துப் பாருங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் அந்த இடம் தேறவில்லை. ஐசோஃபிக்ஸ் வகையென்றால் 'டக்' என்ற ஓசையோடு இரு பக்கக் குறிகளும் பச்சைக்கு மாற வேண்டும். குழந்தையும் இருக்கையும் சேர்ந்து 33 கிலோவைத் தாண்டினால் கம்பியை மட்டும் நம்பக் கூடாது.

பின்னோக்கி எவ்வளவு காலம் வைப்பது என்பதும் இடத்தைத் தீர்மானிக்கும். புதிய ஐரோப்பிய விதியின்படி வந்த இருக்கைகளில் குறைந்தது பதினைந்து மாதம் வரை பின்னோக்கியே வைக்க வேண்டும். இருக்கை அனுமதிக்கும் எடையும் உயரமும் வரை அப்படியே தொடர்வது அதைவிட நல்லது. அதனால் பின்னோக்கி நீண்ட நாள் பொருந்தும் இடத்தை, அதாவது முன் சீட்டை நகர்த்த வசதியுள்ள இடப்பக்கத்தை, இன்னும் வலுவாகப் பரிந்துரைக்கிறேன்.

வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ராமநாதபுரத்திலிருந்து காலையில் ராமேஸ்வரம் போனாலும் மாலையில் திரும்பினாலும் வெயில் எதிரே முன்கண்ணாடி வழியாக வரும். முன்னோக்கி நடுவில் உட்கார்ந்த பிள்ளையின் முகத்தில் அது நேராக விழும், பின்னோக்கிய குழந்தைக்கு இருக்கையின் முதுகே நிழல் தரும். காலையில் சாயல்குடி போய் மாலையில் திரும்புபவர்களுக்கு நிலைமை தலைகீழ்: இரு வேளையும் வெயில் பின்கண்ணாடி வழியாக வந்து, பின்னோக்கிய குழந்தையின் கண்ணில்தான் படும். கண்ணாடியில் ஒட்டும் வலைத்திரை போதும். இருக்கையின் மேல் துணியைப் போர்த்த வேண்டாம். ஏசி காற்று உள்ளே போகாது, மூச்சு சீராக இருக்கிறதா என்றும் தெரியாது.

தனுஷ்கோடியிலும் அரியமானிலும் விளையாடிவிட்டு ஏறும் பிள்ளையின் காலோடு மணல் வரும். பக்கிளின் உள்ளே மணல் சேர்ந்தால் நாக்கு முழுதாக இறங்காது. மாட்டியதுபோல் தோன்றும், இழுத்தால் கழன்றுவிடும். ஓரச் சீட்டின் ஐசோஃபிக்ஸ் கம்பி இருக்கும் இடுக்கிலும் மணலும் உப்புக் காற்றின் துருவும் தங்கும், ஆகவே அவ்வப்போது இருக்கையை எடுத்துவிட்டு அங்கே துடைக்க வேண்டும். குழந்தை இருக்கையின் பக்கிளைக் கையேட்டில் சொன்னபடி வெறும் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தலாம். எண்ணெய் விடக் கூடாது, அது மணலை இன்னும் பிடித்து வைத்துக்கொள்ளும். வெயிலில் நிறுத்திய காரில் உலோக நாக்கு சுடும் என்பதால், பிள்ளையை உட்கார வைக்கும் முன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள்.

வாடகை வண்டி பேசும்போதே பின் சீட்டில் மூன்று புள்ளி பெல்ட்டும் பக்கிளும் வேலை செய்கிறதா என்று கேளுங்கள். சீட்டு உறை தைத்துப் போட்ட பல வண்டிகளில் பக்கிள் உறைக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. அதை வெளியே எடுத்துத் தரச் சொல்லி, இருக்கையைப் பொருத்தி, அசைத்துப் பார்த்த பின்பே பெட்டிகளை டிக்கியில் ஏற்றுங்கள். மதுரை விமான நிலையத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டிய பயணத்தில் இந்தப் பத்து நிமிடத்தை எந்த ஓட்டுநரும் மறுக்க மாட்டார்.